27 சென்டிமீட்டருக்காக எட்டு மேடுகள்: ஓவர்டீப்ஸே போல்டர் – ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் தெற்கே நூர்ட் பிராபாண்ட் மாகாணத்தில், பெர்க்ஸே மாஸ் ஆற்றுக்கும் ஓடே மாஸ்யே என்ற பழைய ஓடைக்கும் நடுவே 550 ஹெக்டேர் நிலம் கிடக்கிறது. நம் கணக்கில் 1,360 ஏக்கர் வரும். ஓவர்டீப்ஸே போல்டர் என்று பெயர். சுற்றிலும் கரை கட்டி, உள்ளிருக்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றிக் காயவைத்த பூமியை அந்த நாட்டில் போல்டர் என்பார்கள். இங்கே பெரும்பாலும் மேய்ச்சல் புல், கறவை மாடுகள், பதினாறு பதினேழு பண்ணை வீடுகள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் அந்த வீடுகளுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. மாஸ் ஆற்றில் பெருவெள்ளம் வரும்போது தண்ணீரைத் திருப்பிவிட அரசு பார்த்து வைத்திருக்கும் இடங்களில் உங்கள் போல்டரும் ஒன்று.

இப்படி ஒரு செய்தி வந்தால் ஊர் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். மனு கொடுக்கும், சாலையில் உட்காரும், நீதிமன்றம் போகும். அதில் தவறும் இல்லை. ஓவர்டீப்ஸே விவசாயிகள் ஒரு சங்கமாகக் கூடி, அரசின் வரைபடம் முடிவாகும் முன்பே தங்கள் வரைபடத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் வரட்டும், நாங்களும் இங்கேயே இருப்போம், அதற்கு வழி இது என்றார்கள். 2015-ல் அந்த வழி நிலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களின் வெள்ளத் திட்டமிடலைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் இன்று அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி இப்போது அங்கே இல்லை என்பதை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுசாகும்.

ஆறு ஏன் இடம் கேட்டது

டச்சுக்காரர்களுக்கு நீண்டகாலமாகக் கடல்தான் பெரும்பயம். 1953 பிப்ரவரி முதல் தேதி விடிவதற்குள் வடகடல் தென்மேற்குக் கரைகளை உடைத்து உள்ளே வந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். அதன் பிறகு கழிமுகங்களை அணைகளாலும் மதகுகளாலும் அடைத்துக் கட்டினார்கள். முன்வாசலைப் பூட்டியாகிவிட்டது. பின்வாசல் வழியாக ஆறு வந்தது.

1993 டிசம்பரில் மாஸ் ஆறு போர்காரன் என்ற இடத்தில் விநாடிக்கு 3,120 கன மீட்டர் தண்ணீரைக் கொண்டுவந்தது; சுமார் 1.1 லட்சம் கன அடி. பதின்மூன்றே மாதத்தில், 1995 ஜனவரிக் கடைசியில், மாஸும் ரைனும் சேர்ந்து பெருகின. ரைன் நாட்டுக்குள் நுழையும் லோபித்தில் ஏறக்குறைய 12,000 கன மீட்டர், அதாவது நான்கே கால் லட்சம் கன அடி. இரண்டரை லட்சம் பேரை வீடுகளை விட்டு வெளியேற்றினார்கள். கூடவே சுமார் பத்து லட்சம் கால்நடைகள். டென் பாஸ் நகரத்தருகே ஏ2 நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போனது. இத்தனைக்கும் பெரிய கரை எதுவும் உடையவில்லை. உடையவில்லை என்ற ஆறுதலைவிட, நாள்கணக்கில் ஊறிக் கனத்த மண்கரை எந்த நேரமும் சரியலாம் என்ற அச்சம்தான் அந்த வாரத்திலிருந்து மக்கள் மனத்தில் தங்கியது.

கரையை இன்னும் உயர்த்தலாமே என்று கேட்கத் தோன்றும். நூற்றாண்டுகளாக அதைத்தான் செய்தார்கள். ஆனால் போல்டர் பூமியில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தால் களிமண் சுருங்கும், அதிலுள்ள மட்கிய தாவர மண் காற்றுப்பட்டுக் கரைந்து போகும், நிலம் வருடத்துக்கு வருடம் இறங்கும். வெளியே ஆறு உயர்கிறது, உள்ளே தரை தாழ்கிறது. கரை எவ்வளவு உயர்கிறதோ, உடையும் நாளில் விழும் தண்ணீரின் வேகமும் அவ்வளவு கூடும்.

அதனால் 2006-ல் ‘ஆற்றுக்கு இடம்’ என்ற திட்டத்தை நாடாளுமன்றம் ஏற்றது. 230 கோடி யூரோ, முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள். லோபித்தில் 15,000 கன மீட்டருக்கு வடிவமைத்திருந்த ரைன் கிளைகள் 16,000 கன மீட்டரைத் தாங்க வேண்டும். மாஸின் கீழ்ப்பகுதியும் திட்டத்துக்குள் வந்தது. கரையை உள்ளே தள்ளிக் கட்டுவது, வெள்ளப்படுகையைத் தோண்டித் தாழ்த்துவது, பக்கக் கால்வாய் வெட்டுவது, சில போல்டர்களை ஆற்றுக்கே திறந்துவிடுவது என்று இடத்துக்கு ஏற்ற வேலைகள். ஓவர்டீப்ஸேயில் பேச்சு இந்தத் திட்டத்துக்கும் முன்பே தொடங்கிவிட்டதால், அதை முன்னோடி வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

கடல் இதில் எங்கே வருகிறது? பெர்க்ஸே மாஸ் ஆமர் என்று பெயர் மாறி, ஹாலண்ட்ஸ் டீப் வழியாக ஹாரிங்ஃபிளீட்டுக்குப் போகிறது. அதன் வாயில் 1970 முதல் மதகுகள் இருக்கின்றன. ராட்டர்டாம் பக்கத்து வாயில் 1997-ல் வந்த மாஸ்லாண்ட் தடுப்பு இருக்கிறது. நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டும் என்று கணித்தால் அதன் பெரிய கதவுகள் தாமாக மூடும். 2023 டிசம்பர் 21 அன்று புயலுக்காக அப்படி மூடியது. கடல் பொங்கும்போது கதவை மூடியே ஆக வேண்டும். மூடினால் ஆற்றுத் தண்ணீர் போக இடமின்றிப் பின்னால் தேங்கும். கடல்மட்டம் உயர உயர, மூடும் தடவைகள் கூடும், திறக்கும் நேரம் குறையும். டச்சுக் கரையோரம் கடந்த நூறாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அந்நாட்டு வானிலை நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணிப்பில் 2100-க்குள் குறைந்தது 26 சென்டிமீட்டர், மிக மோசமான நிலையில் 124 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. ஆகவே கீழ் மாஸ் கரையில் ஒரு போல்டரைத் திறந்து வைப்பது ஆற்றுக்கு மட்டும் கொடுக்கும் இடமாகாது. கடல் கதவைத் தட்டும் இரவில் ஆறு ஒதுங்கி நிற்க அதுவும் ஒரு முற்றம்.

இந்தப் பகுதிக்குத் தண்ணீர் பழைய உறவுதான். 1421 நவம்பரில் செயிண்ட் எலிசபெத் வெள்ளம் பக்கத்திலிருந்த பெரிய நிலப்பரப்பை அடித்துக்கொண்டு போனதில் உருவானதே பீஸ்போஸ் சதுப்புநிலம். பெர்க்ஸே மாஸே கூட மனிதர் வெட்டிய ஆறு. மாஸும் ரைனின் கிளையான வால் ஆறும் ஒன்றோடொன்று கலந்து ஊர்களை மூழ்கடித்ததால் இரண்டையும் பிரிக்க வெட்டி, 1904-ல் திறந்தார்கள். வெள்ளத்துக்குத் தீர்வாக வந்த ஆற்றின் கரையில்தான், நூறு வருடம் கழித்து, வெள்ளத்துக்கு மறுபடியும் தீர்வு தேடினார்கள்.

விவசாயிகளின் வரைபடம்

யோசனை பழசு. நெதர்லாந்தின் வடக்கே, கடற்கரைக்கு ஒரு கரையும் இல்லாத காலத்தில், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே மக்கள் மண்ணையும் சாணத்தையும் கொட்டி மேடு உண்டாக்கி அதன்மேல் குடியிருந்தார்கள். டெர்ப் என்று பெயர். ஃபிரீஸ்லாண்டில் ஹோகபெயின்டம் என்ற ஊர் மேடு 8.8 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. கொள்ளிடத்துப் படுகையில் ‘திட்டு’ என்று முடியும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவர்களுக்கு டெர்ப் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம்.

ஓவர்டீப்ஸேக்காரர்கள் சொன்னது இதுதான். ஆற்றை ஒட்டிய வடக்குக் கரையைத் தாழ்த்திவிடுங்கள். தெற்கே ஓடையை ஒட்டிய கரையைப் பலப்படுத்தி அதையே முதன்மைக் கரையாக்குங்கள். அந்தத் தெற்குக் கரையில் சாய்த்து வரிசையாக மேடுகள் போடுங்கள். பழைய பண்ணைகளை இடித்துவிட்டு வீடும் கொட்டகையும் மேட்டின்மேல் கட்டிக்கொள்கிறோம். மற்ற நாளில் கீழே மாடு மேயும். வெள்ளம் வந்தால் கீழே தண்ணீர் ஓடும்.

தாழ்த்திய வடக்குக் கரையை நம்மூர்க்காரர் பார்த்தால் கலுங்கு என்று சொல்லிவிடுவார். ஏரி நிறைந்து கரையை மீறப் பார்க்கும்போது, உடையும் இடத்தை ஏரியிடம் விடாமல், வழியும் இடத்தை நாமே முன்கூட்டித் தீர்மானித்து வைப்பது கலுங்கு. இங்கே அதை ஆற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பெருவெள்ளத்தில் மிஞ்சிய தண்ணீர் தாழ்ந்த கரைமேல் ஏறி, போல்டர் முழுவதும் பரவி ஓடி, கீழ்க்கோடியில் மறுபடி ஆற்றில் சேரும். அப்படி ஓடும்போது ஆற்றின் உச்ச மட்டம் 27 சென்டிமீட்டர் குறையும். ஒரு முழம் கூட இல்லை. ஆனால் ஒரு சாணுக்குச் சற்றே கூடிய அந்த உயரத்தில்தான் ஆற்றின் மேற்பக்கத்து வால்வெய்க், டென் பாஸ் பக்கத்து ஊர்களின் கரைகள் தப்புவதும் தப்பாததும்.

போல்டர் சராசரியாக 25 வருடத்துக்கு ஒருமுறை நிறையும் என்பது வடிவமைப்புக் கணக்கு. இந்தச் சொல் பலரை ஏமாற்றிவிடும். இன்று நிறைந்தால் இனி 25 வருடம் கவலையில்லை என்று பொருளாகாது. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு நான்கு வாய்ப்பு. ஒரு விவசாயி முப்பது வருடம் அங்கே மாடு வளர்த்தால், ஒருமுறையாவது வெள்ளத்தைப் பார்ப்பதற்கான வாய்ப்பு எழுபது விழுக்காடு. மேட்டில் வீடு கட்ட ஒப்புக்கொண்டவர்கள் இதற்கும் சேர்த்தே தலையாட்டினார்கள்.

மேடு கடல்மட்டக் குறியிலிருந்து சுமார் 6 மீட்டர். இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, அதன் தலையில் ஒரு பால்பண்ணை முழுவதையும் தூக்கி வைப்பதை நினைத்துப் பாருங்கள். வீடு மட்டும் என்றால் எளிது. கொட்டகை, கறவைக் கூடம், தீவனக் குவியல், சாணக் கரைசல் தொட்டி எல்லாம் மேலே வர வேண்டும். சாணத் தொட்டி கீழே இருந்தால் வெள்ள நாளில் 550 ஹெக்டேரும் அதன் கரைசல்தான். மாடு தினமும் இறங்கி ஏறச் சரிவு மிதமாக இருக்க வேண்டும். மிதமாக இருந்தால் மேடு அகலமாகும், அகலமானால் மண் செலவு ஏறும். புதிதாகக் கொட்டிய மண் உடனே கட்டடத்தைத் தாங்காது, அமர்ந்து இறுகக் காலம் கொடுக்க வேண்டும். மேட்டைத் தெற்குக் கரையோடு ஒட்டிப் போட்டதன் அருமை இங்கேதான் தெரிகிறது. தனித்தனித் தீவாக நட்ட நடுவில் போட்டிருந்தால் வெள்ளத்தின்போது படகுதான். கரையோடு ஒட்டியதால் வீட்டு வாசலிலிருந்து நனையாத தரை வழியாக வெளியேறலாம். ஒரு கொட்டகைக்கு என்னென்ன வேண்டும் என்று தினமும் அதிகாலையில் கறக்கிறவருக்குத் தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது. திட்டம் அவர்கள் கையிலிருந்து தொடங்கியதன் பலனாக நான் முதலில் எண்ணுவது இதையே.

எது பேரத்துக்கு உட்பட்டது

ஊர்மக்களைக் கலந்து செய்தோம் என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் வரைபடம் முடிந்த பிறகு மண்டபத்தில் ஒட்டிவைத்துக் கருத்துக் கேட்பதாக அது முடியும். ஓவர்டீப்ஸேயில் வேறுபட்டது ஒரே இடத்தில். நீர்மட்டம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. அதை எப்படி இறக்குவது என்பதை ஊருக்குத் திறந்து வைத்தது. அளவு அசையாது, வழி அசையும். இந்தப் பிரிப்பு தெளிவாக இருந்ததால் விவசாயிகள் எதிர்ப்பில் செலவழிக்கக்கூடிய வருடங்களை வடிவமைப்பில் செலவழித்தார்கள். பின்னால் ‘ஆற்றுக்கு இடம்’ திட்டத்தின் மற்ற இடங்களிலும், அதே அளவு நீர்மட்டத்தை இறக்கிக் காட்டினால் மாற்று வழியை முன்வைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது.

இடையில் நின்றது மாகாண அரசு. நிதி மத்திய அரசினுடையது, கட்டியது பிராபாண்ட்ஸே டெல்டா நீர் வாரியம், பேச்சுவார்த்தையை நடத்தியது மாகாணம். நீர் வாரியம் என்பது நமக்குப் புதிது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து வரும் அமைப்பு அது. கரை, வாய்க்கால், நீரேற்றம் ஆகியவற்றுக்கென்றே தனி வரி வாங்கும், தனியாகத் தேர்தல் நடக்கும். நாட்டில் இப்போது 21 இருக்கின்றன. கரை உடைந்தால் பிரபுவும் குடியானவரும் சேர்ந்தே முழுகுவார்கள் என்பதால் சேர்ந்தே முடிவெடுத்துப் பழகிய சமூகம். ஓவர்டீப்ஸே வெறும் நல்லெண்ணத்தில் முளைத்ததில்லை, எண்ணூறு வருடப் பழக்கம் அடியில் இருக்கிறது.

வலிக்கிற பகுதிக்கு வருகிறேன். மேடுகள் எட்டு. பண்ணைகள் அதைப்போல் இருமடங்கு. மேட்டுப் பண்ணை பிழைக்க ஒவ்வொருவருக்கும் கூடுதல் நிலம் தேவை. அது போகிறவர்கள் விட்டுச் செல்லும் நிலத்திலிருந்துதான் வர முடியும். எனவே திட்டத்தின் உள்ளேயே பாதிப்பேர் போவது எழுதப்பட்டிருந்தது. சிலர் வேறிடத்தில் பண்ணை தேடினார்கள், சிலர் தொழிலை விட்டார்கள். ஒரே சங்கத்தில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் போட்ட அண்டை வீட்டார், யார் இருப்பது யார் போவது என்று தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. எந்தத் தொகையும் அந்த உரையாடலைச் சுலபமாக்கியிருக்காது. ஆயினும், கட்டாயமாக எல்லோரையும் ஒரே தேதியில் வெளியேற்றுவதோடு இதை ஒப்பிட முடியாது. போனவர்களும் எப்போது, எங்கே என்று யோசிக்க இடம் இருந்தது.

இன்னொரு செலவு, காலம். செய்தி வந்தது 2000 வாக்கில். மண்வேலை 2010-ல் தொடங்கியது. வடக்குக் கரை தாழ்ந்து வேலை முடிந்தது 2015-ல். முதல் பத்து வருடம் அந்த விவசாயிகள் எந்தத் தெளிவும் இல்லாமல் இருந்தார்கள். இடிக்கப்படப் போகும் கொட்டகைக்குப் புதுக் கூரை போடுவதா? மகன் படிப்பை முடித்துப் பண்ணைக்கு வரலாமா? வங்கியில் கடன் கேட்டால் எதைக் காட்டுவது? ஒரு ஐம்பது வயதுக்காரருக்குப் பத்து வருடம் என்பது தொழில் வாழ்க்கையின் மிச்சம் மொத்தமும். திட்ட அறிக்கைகளில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு பத்தி கூட ஒதுக்குவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. இழப்பீட்டில் நிலத்துக்கு விலை உண்டு, கட்டடத்துக்கு விலை உண்டு. நின்றுபோன வருடங்களுக்கும் கணக்கு வேண்டும்.

அதே நாட்டில் வேறு இரண்டு இடங்கள்

நைமேகன் நகரத்தின் எதிர்க்கரையில் லென்ட் என்ற சிற்றூர். அங்கே வால் ஆறு குறுகலாக வளைகிறது. கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள், ஆற்றுக்குப் புதிய கிளை ஒன்று வெட்டினார்கள். சுமார் ஐம்பது வீடுகள் போயின. உச்ச மட்டம் 35 சென்டிமீட்டர் இறங்கியது, நடுவில் ஒரு தீவும் ஆற்றுப் பூங்காவும் கிடைத்தன. இன்று நகரமே அங்கே குளிக்க வருகிறது. ஆனால் தொடக்கத்தில் ஊரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பூங்கா நகரத்துக்கு, இழப்பு ஐம்பது வீட்டுக்கு என்ற கேள்வி அவ்வளவு அழகான படங்களுக்குப் பின்னும் எனக்கு மறையவில்லை.

மற்றது ஹெட்விகா போல்டர், பெல்ஜிய எல்லையில், வெஸ்டர்ஸ்கெல்ட் கழிமுகத்தில். ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்காக ஆற்றை ஆழப்படுத்தியதற்கு ஈடாக இந்த நிலத்தை அலைகளுக்குத் திறந்து இயற்கைப் பகுதியாக்குவது என்று 2005-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 1953-ஐ மறக்காத ஸீலாண்ட் மாகாண மக்களுக்கு அது பொறுக்கவில்லை. முன்னோர் கடலிடமிருந்து பிடுங்கிய மண்ணை மறுபடி கடலுக்கா? வழக்கு, அரசியல் தள்ளாட்டம், மாற்று ஆய்வுகள் என்று இழுத்துக் கடைசியில் 2022-ல்தான் கரை திறந்தது. ஓவர்டீப்ஸேயிலும் பதினைந்து வருடம் ஆயிற்று, இங்கே பதினேழு. கால அளவில் பெரிய வித்தியாசமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரைச் சேர்த்துக்கொண்டால் தாமதமாகும் என்று சொல்லும் அதிகாரிகள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் அந்த வருடங்கள் மேடாகி நிற்கின்றன. மற்றதில் வழக்குக் கட்டாகி இருக்கின்றன.

எவ்வளவு தூரம் செல்லும்

இதை அப்படியே தூக்கி வேறொரு நாட்டின் ஆற்றங்கரையில் வைக்க முடியாது. ஓவர்டீப்ஸேயில் இருந்தவர்கள் பதினேழு குடும்பத்துக்குள். எல்லோர் பெயரும் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நிலத்தோடு பண்ணை நடத்தியவர்கள். குத்தகைக்காரர்களும் கூலிக்காரர்களும் பட்டா இல்லாதவர்களும் நிறைந்த ஒரு படுகை ஊரில் பேச்சு மேசைக்கு யார் வருவார்கள் என்பதே முதல் சண்டையாகும். நிலம் உள்ளவரின் மேடு உயரும், அவரிடம் வேலை செய்தவர் கீழே நிற்பார் என்றால் அது வெள்ளத் திட்டமாகாது. பணமும் அந்த நாட்டிடம் இருந்தது, அவசரமில்லாமல் யோசிக்க அமைதியும் இருந்தது. 1995-க்கும் மண்வேலைக்கும் இடையிலான பதினைந்து வருடத்தில் இன்னொரு பெருவெள்ளம் வந்து ஊரைக் கலைத்துவிடவில்லை.

ஆனால் சில பகுதிகள் எங்கேயும் பயணப்படும். வெள்ளத்தில் நனையப் போகிறவர்களுக்கு எண்களை நேராகச் சொல்வது: இத்தனை சென்டிமீட்டர், இத்தனை வருடத்துக்கு ஒருமுறை. எது அசையாது, எது அசையும் என்று முதல் கூட்டத்திலேயே பிரித்து வைப்பது. போகிறவருக்கும் இருக்கிறவருக்கும் தனித்தனிக் கணக்கு. மேட்டைச் சாலையோடு ஒட்டி வைப்பது. இவற்றுக்கு 230 கோடி யூரோ தேவையில்லை.

2021 ஜூலையில் மாஸ் மறுபடியும் பெருகியது, அதுவும் யாரும் எதிர்பாராத கோடையில். ஜெர்மனியில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெல்ஜியத்திலும் பலர் இறந்தார்கள். நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் ஊர்கள் மூழ்கின, சுமார் ஐம்பதாயிரம் பேர் வெளியேறினார்கள், உயிர்கள் தப்பின. அதற்குப் பிறகு ‘ஆற்றுக்கு இடம் 2.0’ என்ற பெயரில் அடுத்த சுற்று வேலைக்கான திட்டமிடல் நடக்கிறது. இந்தச் சுற்றில் கடல் முன்வரிசையில் இருக்கும்.

ஓவர்டீப்ஸே கொடுத்தது 27 சென்டிமீட்டர். 2100-க்குள் டச்சுக் கரையில் கடல் உயரும் என்று சொல்லும் கணிப்பின் மிகக் குறைந்த எண் 26 சென்டிமீட்டர். கடல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் அவ்வளவு உள்ளே இருக்கும் ஆறும் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்று நேர்க்கணக்குப் போடக் கூடாது. மதகும் காற்றும் படுகையும் நடுவே இருக்கின்றன. இருந்தாலும் இரண்டு எண்களும் இவ்வளவு அருகில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக என்னால் முடியவில்லை. பாதி ஊர் கிளம்பிப் போய், மீதி ஊர் மேடேறிச் சம்பாதித்துக் கொடுத்த இடம் அது. 25 வருடத்துக்கு ஒருமுறை என்று ஒப்புக்கொண்டு மேட்டில் குடியேறிய எட்டு வீடுகளில் இப்போது அடுத்த தலைமுறை கறவைக்கு எழுந்திருக்கும். அந்த 25 எப்போது 20 ஆகும், 15 ஆகும் என்று அவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், 2000-ல் செய்தி வந்து சேர்ந்ததைவிடச் சீக்கிரமாக.